லண்டன் நோபு: நான்கு பேராகப் போங்கள், வரிசையோடு கேளுங்கள்

ஓல்ட் பார்க் லேனில் மெட்ரோபாலிடன் ஹோட்டலின் முதல் மாடியில் இருக்கிறது இந்த நோபு, ஒரு ஜப்பானிய உணவகம். 1997-ல் திறந்தது, ஐரோப்பாவுக்கு வந்த முதல் நோபு இதுதான். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எதிரே ஹைட் பார்க் தெரியும். உள்ளே நுழைந்ததும் பணியாளர்கள் எல்லோரும் சேர்ந்து "இராஷாய்மாசே" என்று குரல் கொடுத்து வரவேற்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கூடம் நல்ல இரைச்சலாக இருக்கும். நிதானமாகப் பேசிச் சாப்பிட வேண்டுமென்றால் மதியமோ, மாலை ஆறு மணி வாக்கிலோ பதிவு செய்யுங்கள். மேசை எவ்வளவு நேரத்துக்கு நம்முடையது என்பதையும் பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு தட்டு என்று கேட்டுச் சாப்பிட்டால் இந்த உணவகத்தின் அருமை பாதிகூடத் தெரியாது. எல்லாத் தட்டும் மேசை நடுவில் வந்து பகிரப்படுவதற்காகச் சமைக்கப்படுகிறது. நான்கு பேர்தான் சரியான எண்ணிக்கை. இரண்டு பேரென்றால் நான்கைந்து தட்டிலேயே வயிறு நிறைந்துவிடும். ஆறு பேருக்கு மேல் போனால் ஆளுக்கு ஒரு துண்டு வருவதே சிரமம்.

இந்தச் சமையல் எப்படி உருவானது என்று தெரிந்தால் மெனு எளிதில் பிடிபடும். நோபு மட்சுஹிசா டோக்கியோவில் சுஷி கற்றவர். 1973-ல் பெரு நாட்டின் லிமாவுக்குப் போனார். அங்கே 1899 முதலே ஜப்பானியர்கள் குடியேறியிருந்தார்கள். எலுமிச்சை, கொத்தமல்லித் தழை, பெருவின் மிளகாய்கள் எல்லாம் அங்கேதான் அவர் கைக்கு வந்தன. பிறகு 1987-ல் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில் மட்சுஹிசா என்ற உணவகம். அங்கே வாடிக்கையாளராக வந்த நடிகர் ராபர்ட் டி நீரோ கூட்டுச் சேர்ந்து 1994-ல் நியூயார்க்கில் முதல் நோபு. ஆக, மெனுவில் பெரு வாசம் அடிக்கும் தட்டுகளே அவருடைய சொந்த முத்திரை. வெறும் சுஷி மட்டும் வேண்டுமென்றால் அதற்கு லண்டனில் வேறு நல்ல கடைகள் உண்டு.

முதலில் குளிர்ந்த தட்டுகள் மூன்றை மட்டும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் சமையலறை தயாரானதைத் தயாரானபடி அனுப்பிவிடும். மேசை நிறைந்து, சூடானது ஆறி, குளிர்ந்தது வெதுவெதுப்பாகிவிடும். இனிப்பான மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) நாக்கில் பட்ட பிறகு பச்சை மீனின் மென்மையான ருசி எடுபடாது என்பதும் ஒரு காரணம்.

யெல்லோடெயில் ஜலபென்யோ முதலில். நம்மூர்ப் பாரைக் குடும்பத்து மீன். மெல்லிய துண்டு, அதன்மேல் துளி பூண்டு விழுது, வட்டமாக நறுக்கிய ஜலபென்யோ மிளகாய், ஒரு கொத்தமல்லி இலை. அடியில் யுசு என்ற ஜப்பானிய எலுமிச்சை வகையின் சாறு கலந்த சோயா சாஸ். பெரும்பாலும் ஆறு துண்டு வரும். நான்கு பேருக்கு இரண்டு தட்டு கேட்டால் ஆளுக்கு மூன்று. தனியே சோயா ஊற்றாதீர்கள், யுசுவின் மணம் உப்பில் மூழ்கிவிடும். அடியில் இருக்கும் சாற்றில் புரட்டி, மிளகாயோடு சேர்த்து ஒரே வாயில் போட வேண்டும். காரம் நமக்குச் சாதாரணம்தான்.

அடுத்தது டிராடிட்டோ, பெரு பாணியில் மெல்லிசாக நறுக்கிய பச்சை மீன். இதில் சோயாவே கிடையாது. எலுமிச்சை, யுசு, உப்பு, ஒவ்வொரு துண்டிலும் புள்ளியாக ரொகோட்டோ மிளகாய் விழுது. தட்டு வந்ததும் தீர்த்துவிடுங்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தால் புளிப்பு ஏறி மீன் வெளுத்து விறைத்துவிடும். அதன்பின் சமையல்காரரைக் குறை சொல்ல முடியாது.

பச்சை மீன் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். நியூ ஸ்டைல் சஷிமி அவருக்காகவே பிறந்தது. பச்சை மீனைத் திருப்பி அனுப்பிய ஒரு வாடிக்கையாளருக்காக, அதே தட்டின்மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார் மட்சுஹிசா. பெரும்பங்கு ஆலிவ் எண்ணெய், சிறுபங்கு எள்ளெண்ணெய். நம் நல்லெண்ணெய் போல இராது. எள்ளை நன்றாக வறுத்துப் பிழிவது, மணம் தூக்கலாக இருக்கும். மேல்பக்கம் வெந்தும் உள்ளே பச்சையாகவும் இருக்கும். சால்மனில் கேட்பது நல்லது. கொழுப்புள்ள மீன் சூட்டைத் தாங்கும்.

இவை முடியும் தறுவாயில் சூடானவற்றைச் சொல்லுங்கள். ராக் ஷ்ரிம்ப் டெம்புரா, அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த இறால், ஒரு தட்டு போதும். காரமான மயோனைஸ் சாஸில் புரட்டித் தருவார்கள். சில நிமிடத்திலேயே மொறுமொறுப்பு போய்விடும். சாஸைத் தனியாகக் கேட்டு வாங்கித் தொட்டுக்கொள்வதே மேல்.

பிளாக் காட் மிசோவுக்காகத்தான் பாதிப் பேர் இங்கே வருகிறார்கள். விலை 40 பவுண்டைத் தாண்டும். இருவருக்கு ஒன்று என்று கேளுங்கள். இந்த மீன் பெயரில்தான் காட். உண்மையில் இது வட பசிபிக்கில் ஆழத்தில் வாழும் சேபிள்ஃபிஷ், கொழுப்பு மிகுந்தது. அந்தக் கொழுப்பால்தான் மிசோவில் இரண்டு மூன்று நாள் ஊறியும், கடும் சூட்டில் கருக வாட்டியும் உள்ளே ஈரம் வற்றாமல் இதழ் இதழாகப் பிரிகிறது. சாதாரண காட் மீனில் இதைச் செய்தால் சக்கையாகிவிடும், வஞ்சரமும் அப்படித்தான். தட்டில் வரும் இளஞ்சிவப்பு இஞ்சித் தண்டை ஒதுக்காதீர்கள், இனிப்பைக் கழுவ வைத்தது அது. வெள்ளைச் சாதம் ஒரு கிண்ணம் கட்டாயம் கேளுங்கள். சாதமில்லாமல் மூன்றாவது வாய்க்கே திகட்டும்.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்கள் நான்கு பெரிய துண்டுக்கு இப்படிக் கலக்கலாம். சாகே (ஜப்பானிய அரிசி மது) 150 மில்லி, மிரின் (இனிப்பான சமையல் மது) 150 மில்லி இரண்டையும் ஒரு கொதி விட்டு, தணலைக் குறைத்து வெள்ளை மிசோ 450 கிராம் கரைத்து, கடைசியில் சர்க்கரை 225 கிராம். அடிப்பிடிக்காமல் கிளறி, முழுக்க ஆறிய பிறகே மீனில் பூச வேண்டும். சுடுவதற்கு முன் மிசோவை விரலால் வழித்துவிடுங்கள், தண்ணீரில் கழுவக் கூடாது. வழிக்காவிட்டால் மீன் வேகுமுன் சர்க்கரை கரிந்து கசக்கும். பிளாக் காட் கிடைக்காத ஊரில் சால்மன் ஓரளவு ஈடுகொடுக்கும்.

சைவ நண்பர்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மிசோ சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் அதன் அடிச்சாறு, தாஷி, பெரும்பாலும் உலர்ந்த போனிட்டோ மீன் சீவலில் எடுத்தது. டெம்புரா மாவில் முட்டை உண்டு. "மீன் இல்லாமல்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், "தாஷி இல்லாமல்" என்றும் சொல்ல வேண்டும். கத்தரிக்காய் மிசோவும், இறால் சேர்க்காத உலர் மிசோ பசலைக்கீரை சாலடும் நல்ல தேர்வு. சாலடில் பார்மசான் சீஸ் வரும். கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்தது என்பதால் கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். மது தொடாதவர்கள் கவனிக்க: மிசோ சாஸ் பெரும்பாலானவற்றில் சாகேயும் மிரினும் உண்டு, கொதித்தாலும் முழுக்கப் போய்விடாது.

சுஷி கடைசியில். ரோல்களில் பெரிய விசேஷம் இல்லை. பசி மிச்சமிருந்தால் நிகிரி, அதாவது சோற்றுப் பிடிமேல் மீன் வைத்தது, ஆளுக்கு இரண்டு சொல்லலாம். கையால் எடுத்து, கவிழ்த்து, மீன் பக்கத்தை மட்டும் சோயாவில் தொட வேண்டும். சோறு பக்கம் தொட்டால் உதிர்ந்து கிண்ணத்தில் விழும். குடிப்பவர்களுக்கு ஜப்பானின் சாடோ தீவின் ஹொக்குசெட்சு சாகே உண்டு, டைகின்ஜோ என்ற உயர்தர வகையைக் குளிரவைத்தே குடிக்க வேண்டும். வாக்யு மாட்டிறைச்சியைத் தவிர்க்கலாம். அந்தக் காசுக்கு இன்னொரு பிளாக் காட் வாங்குவது எவ்வளவோ மேல்.

சமையல்காரரிடமே விட்டுவிடும் ஒமகாசே முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம். வரிசை நம் கையில் இருந்தால்தான் கூட்டத்தில் யாருக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்துப் பார்த்துச் சொல்ல முடியும். துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் கிளைகளிலும் இந்த முத்திரைத் தட்டுகள் உண்டு என்பதால் இதே வரிசை அங்கேயும் உதவும்.

இனிப்புக்குச் சாக்லேட் பெண்டோ பாக்ஸ், இருவருக்கு ஒன்று. வெட்டியதும் சூடான சாக்லேட் வழியும். பக்கத்திலேயே பச்சைத் தேநீர் ஐஸ்க்ரீம். பில் வந்ததும் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.