பதில் சொல்லுமுன் திருப்பிக் கேட்கும் குழு: டயாலிசிஸ் குடும்பங்களோடு என் அனுபவம்

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து கோலாலம்பூரில் இயங்கும் ஒரு வாட்ஸ்அப் உதவிக் குழுவில் இருக்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் குடும்பத்தார் சேர்ந்து நடத்துவது. செந்தூல், செத்தாப்பாக், கெப்போங், கிள்ளான் என்று பல பக்கத்துத் தமிழர்கள் அதில் உண்டு. வேறு சில குழுக்களிலும் சேர்ந்து பார்த்து, விலகியும் இருக்கிறேன். பல வருடங்களாக இது ஒன்றுதான் நிலைத்திருக்கிறது. வீட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்கியிருப்பவர்கள் எந்தக் குழுவை நம்புவது என்று தடுமாறுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அதாவது வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம் மட்டுமே மிஸ்ஸியின், அதாவது தாதியின், கண்பார்வையில் நோயாளி இருக்கிறார். மிச்சம் 156 மணி நேரமும் வீட்டில், நம் பொறுப்பில். சந்தேகங்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். ராத்திரி பத்து மணிக்குக் கால் வீங்கியிருக்கும். கல்யாண வீட்டில் யாரோ இளநீரை நீட்டுவார்கள். சென்டருக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இருக்காது. டாக்டரைப் பார்க்கும் நாள் இன்னும் எத்தனையோ வாரம் கழித்து. உதவிக் குழுவின் அவசியம் இந்த இடத்தில்தான்.

நான் விலகிய குழுக்களில் பதிலுக்குப் பஞ்சமே இல்லை. "அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் இருபது பேர் சொல்வார்கள். ஒருவர் பார்லி தண்ணீர் என்பார், ஒருவர் காலைத் தூக்கி வை என்பார், இன்னொருவர் ஒரு தைலத்தின் படத்தை அனுப்புவார். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் யாருக்கும் அம்மாவின் நிலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் கேட்கவில்லை. சிறுநீர் இறங்காத ஒருவருக்குப் பார்லி தண்ணீரும் தண்ணீர்தானே!

இந்தக் குழுவில் அதே கேள்வியைப் போட்டால் முதலில் வருவது கேள்விகள். "கடைசியா எப்ப டயாலிசிஸ்? அப்புறம் எடை எவ்வளவு கூடியிருக்கு? படுத்தா மூச்சு வாங்குதா?" மூன்றும் காரணத்தோடு கேட்கப்படுபவை. உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடையை உலர் எடை என்பார்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே கூடும் எடை பெரும்பாலும் குடித்ததும் சாப்பிட்டதுமாகச் சேர்ந்த நீர்தான். அது உலர் எடையில் நான்கு, நான்கரை விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் நீர் நுரையீரல் வரைக்கும் வந்திருக்கலாம். அதற்குப் பிறகு குழுவில் யாரும் வைத்தியம் பேச மாட்டார்கள். "999 கூப்பிடுங்க, இல்ல உடனே எமர்ஜென்சிக்குப் போங்க, போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க." அதோடு உரையாடல் நின்றுவிடும். வாரத்தில் டயாலிசிஸ் இல்லாமல் இரண்டு நாள் சேர்ந்து வரும் இடைவெளிதான் ஆபத்து கூடிய நேரம் என்பதால் முதல் கேள்விக்கு அவ்வளவு மதிப்பு.

திருப்பிக் கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கு முழுதாகப் புரிந்தது ஒரு விக்கலின்போது. ஒரு தங்கை தன் அப்பாவுக்குக் காலையிலிருந்து விக்கல் நிற்கவில்லை என்று எழுதினார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் சர்க்கரையை நாக்கின் கீழே வைக்கச் சொன்னார். அடுத்தவர் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். அதற்குள் நெடுநாள் உறுப்பினரான ஓர் அக்கா கேட்டார்: "அப்பா பெலிம்பிங் சாப்பிட்டாரா?" முந்தின நாள் பக்கத்து வீட்டு மரத்துப் பழம், இரண்டு துண்டு சாப்பிட்டிருக்கிறார். அக்கா உடனே அந்தத் தங்கைக்கே போன் போட்டு, மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி, பழம் சாப்பிட்ட விஷயத்தை வாசலிலேயே டாக்டரிடம் சொல்லச் சொன்னார். நட்சத்திரப் பழம் என்று நாம் சொல்லும் பெலிம்பிங்கில் நரம்பைத் தாக்கும் ஒரு நச்சு இருக்கிறது. பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் அதைப் பிரித்தெடுத்து கேரம்பாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். ஆரோக்கியமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். செயலிழந்த சிறுநீரகத்தால் முடியாது. விடாத விக்கல்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி, பிறகு குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. உடனடி டயாலிசிஸ்தான் முக்கிய சிகிச்சை. அந்த அப்பா பிழைத்து வந்தார். சர்க்கரை வைத்தியம் சொன்னவர் மேல் யாரும் பாயவில்லை. குழுவின் தொடக்கக் குறிப்பில் அன்றைக்கே ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்தக் குழுவுக்கு ஈடு கிடையாது என்றே சொல்வேன். மருத்துவமனையில் கொடுக்கும் உணவுத் தாள் வாழைப்பழம், ஆரஞ்சு என்று பொதுவாகச் சொல்லும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் அம்மாவுக்குத் தண்ணீர்ப் பந்தலில் என்ன கொடுப்பார்கள் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. செயலிழந்த சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பொட்டாசியம், இளநீர் ஒரு குவளையில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முன்பே யாராவது அதை நினைவூட்டிவிடுவார்கள். விரதத்தில் பருப்பும் கீரையும் கூடிவிடுவதையும் சொல்வார்கள். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் முறையைப் பார்த்தே கற்றுக்கொள்ளட்டும் என்று ஓர் ஆண்ட்டி தன் அடுப்படியிலேயே வீடியோ எடுத்துப் போட்டார். சூப்பர்மார்க்கெட்டில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும் என்பதும் இங்கேதான் எனக்குத் தெரிய வந்தது. நல்லது என்று நினைத்து வாங்கும் பொருளே கெடுதல் செய்யும் இடம் அது.

மருந்து என்று வந்தால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால்தான் வேலை செய்யும் என்று சொல்லலாம். எத்தனை மாத்திரை என்று யாரும் சொல்லக்கூடாது. ரத்தப் பரிசோதனை முடிவைப் படம் எடுத்துப் போட்டு "இது சரியா?" என்று கேட்டால், டாக்டரிடம் எந்த எண்ணைக் காட்டி எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்லித் தருவார்கள். முதலில் எனக்கு இது கஞ்சத்தனமாகப் பட்டது. இப்போது அதுதான் இந்தக் குழுவின் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்கு அடிப்படை. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுகிறவர்கள் தெரிந்ததைச் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு எடை இருக்கிறது.

பணம், விண்ணப்பப் பாரம் விஷயத்திலும் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் சந்தா கட்டித் தகுதிபெற்றவர்களுக்கு டயாலிசிஸ் செலவுக்கு உதவி உண்டு, ஊழியர் சேமநிதியிலிருந்து மருத்துவத்துக்கென்று எடுக்கவும் வழி உண்டு. இதைப் பற்றிச் சொல்கிறவர், தான் எந்த வருடம் விண்ணப்பித்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். தேதி இல்லாத தகவலை நம்பி ஒருநாள் லீவு போட்டுக் கவுண்டரில் நின்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தினக்கூலிக்காரர்கள்.

சிறுநீரகத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மூலிகைப் பொடிகள் வாராவாரம் வந்து விழும். விற்பனைக்கு வந்தவர் என்று தெரிந்தால் உடனே நீக்கிவிடுவார்கள். ஆசையில் ஃபார்வர்டு செய்த பெரியவர் என்றால் செய்தியை மட்டும் எடுத்துவிட்டு, நிர்வாகிகளில் ஒருவர் தனியாகப் போன் பண்ணிப் பேசுவார். "ஐயா, சாப்பிட்டீங்களா?" என்றுதான் அந்தப் பேச்சு தொடங்கும். எல்லார் முன்னாலும் திருத்தப்பட்டவர் அடுத்த முறை கேட்காமலே பொடியைக் கலந்து கொடுத்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி கேட்டவர் பிறகு வந்து என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும் என்பது எழுதாத சட்டம். சொல்லாவிட்டால் யாராவது நினைவு வைத்துக் கேட்பார்கள். பதில் சொன்னவர்கள் தங்கள் பதில் சரியா தவறா என்று கற்றுக்கொள்வது அப்படித்தான். பெலிம்பிங் அக்காவுக்கும் முன்பு வேறொரு குடும்பம் திரும்பி வந்து சொன்னதால்தான் அது தெரிந்திருந்தது. அவருடைய கணவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. இன்னும் குழுவில் இருக்கிறார், அதிகம் பதில் சொல்கிறவர்களில் ஒருவராக.

குறைகளும் உண்டு. தட்டச்சு தெரியாத பெரியவர்கள் குரல் பதிவாகத்தான் பேசுவார்கள். அவர்களுக்காக அதை அனுமதிப்பதே நியாயம். ஆனால் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் ஃபிஸ்டுலா கையைப் பற்றி ஒரு தாத்தா பேசியதை ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடக்கூடாது, தினமும் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தார். சிலர் இப்போது முக்கியமான பதிவுகளின் சாரத்தை இரண்டு வரியில் தட்டிப் போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஆள் போதவில்லை. நிர்வாகிகள் மாதம் ஒருவராக முறை மாற்றிக்கொண்டாலும் களைத்துத்தான் போகிறார்கள். அவர்கள் வீட்டிலும் நோயாளி இருக்கிறார்.

இன்னொன்று, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள் இந்தக் குழுவில் மிகக் குறைவு. அவர்கள் கேள்விக்குச் சில சமயம் இரண்டு நாள்கூடப் பதில் வராமல் கிடக்கும். அந்த முறைக்கு மாறப்போகிறவர்கள் இந்தக் குழுவை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் மருத்துவமனையின் பி.டி. (வயிற்றுவழி டயாலிசிஸ்) பிரிவு மிஸ்ஸியின் நேரடி எண்ணை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வடிந்து வரும் நீர் கலங்கலாக இருந்தால் தொற்றாக இருக்கலாம். எங்கேயும் கேட்டுவிட்டுக் காத்திருக்காமல், அந்தப் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே போய்விடுங்கள்.