ஹீட் லோட் கணக்கு என்று சொல்லி 3,85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மெஷின் ரூமுக்கு ஏசி போடப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோவையில் ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. 400 சதுர அடி ரூம், இரண்டு விஎம்சி மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் மெஷின்), மூலையில் 10 ஹெச்பி ஸ்க்ரூ ஏர் கம்ப்ரசர், மேலே தகர ஷீட். அந்த ரூமை 24 டிகிரியில் வைத்துத் தருவதாகச் சொல்லி 3,85,000 ரூபாய் வாங்கினார்கள். இன்று மதியம் இரண்டு ஏசியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெர்மாமீட்டர் 33 காட்டுகிறது. வயிறு எரிகிறது.

தொழிற்சாலை வேலைகளுக்கு ஒப்பந்தக்காரர்களைப் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளம் வழியாகத்தான் அந்த ஆள் வந்தார். ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சை டிக் வேறு. லேசர் கருவியால் சுவர் சுவராகச் சிவப்புப் புள்ளி அடித்து அளந்தார். ஒவ்வொரு அளவையும் நின்று நிதானமாக எழுதிக்கொண்டார். “மெஷின் சூட்டையும் கணக்குல சேத்துக்குவீங்கல்ல?” என்று கேட்டேன். “அதெல்லாம் போட்டுடுவோம்ங்க சார், எங்களுக்கு இதே வேலைதானே” என்றார். மறுநாளே நான்கு பக்க ஹீட் லோட் ஷீட் வந்தது, அதாவது ரூமில் எவ்வளவு சூடு சேரும், அதற்கு எத்தனை டன் ஏசி வேண்டும் என்ற கணக்கு. இரண்டு டன் ஏசி இரண்டு. அட்வான்ஸைப் போட்டுவிட்டேன்.

வெயில் ஏறியதும் ரூம் கொதிக்க ஆரம்பித்தது. போன் செய்தால் முதலில் “ஃபில்டர் கழுவுங்க சார்”. அப்புறம் “கதவைத் திறந்து திறந்து மூடறாங்க, ஆளுங்ககிட்டச் சொல்லுங்க”. அப்புறம் கேஸ் செக் பண்ண ஒரு பையனை அனுப்பி, அதற்கும் தனியாகக் காசு. கடைசியில் “இந்த வருஷ வெயில் அப்படி சார், எல்லா இடத்துலயும் இதே கதைதான்” என்று போனை வைத்துவிட்டார். அந்தத் தளத்தில் புகார் கொடுத்தால், நாங்கள் இடையில் அறிமுகம் செய்பவர்கள் மட்டுமே என்று ஒரு வரி பதில். அதோடு புகாரை மூடிவிட்டார்கள்.

அந்த ஷீட்டைத் தெரிந்த ஒரு ஏசி இன்ஜினியரிடம் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். எக்யூப்மென்ட் லோட்: 500 வாட். கம்ப்யூட்டர் 2, பிரிண்டர் 1. எங்கள் ரூமில் பிரிண்டரே கிடையாது! ஏதோ ஆபீசுக்குப் போட்ட ஷீட்டில் பெயரையும் நீள அகலத்தையும் மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். 100 சதுர அடிக்கு ஒரு டன், அவ்வளவுதான் கணக்கு.

இன்ஜினியர் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றி மாட்டி கரண்டை அளக்கும் கருவி) போட்டுப் பார்த்தார். மெஷின் இரண்டும் ஓடும்போது சராசரியாக ஒவ்வொன்றும் 5 கிலோவாட், கம்ப்ரசர் 8, ஸ்டெபிலைசர் நஷ்டமும் லைட்டும் சேர்த்து 1. மொத்தம் 19. ரூமுக்குள் எரியும் கரண்ட் ஏறக்குறைய எல்லாமே அங்கேயே சூடாகத்தான் இறங்கும். ஒரு டன் ஏசி என்றால் 3.517 கிலோவாட் சூட்டை வெளியே இழுக்கும். மெஷின் சூட்டுக்கு மட்டுமே ஏறக்குறைய ஐந்தரை டன் ஆகிறது. தகரக் கூரை, ஆட்கள், உள்ளே வரும் வெளிக்காற்று எல்லாம் அதற்கு மேல். எனக்குப் போட்டது நாலு டன்! கம்ப்ரசரை வெளியே வையுங்கள் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே 8 கிலோவாட் போயிருக்கும்.

வெறும் வியர்வைப் பிரச்சினை இல்லை இது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) நீளும். 200 மில்லிமீட்டர் பார்ட்டில் 9 டிகிரி ஏறினால் 40 மைக்ரானுக்கு மேல். மதியம் இங்கே அளவு சரியாக இருக்கிற பீஸ், கஸ்டமரின் 20 டிகிரி இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் ரிஜெக்ட் ஆகிறது. 3,85,000 போனதோடு ஆர்டரும் ஆட்டம் காண்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மெஷின் நேம் பிளேட்டைக்கூடப் பார்க்காமல் டன் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். ஷீட்டில் எக்யூப்மென்ட் லோட் வரியை முதலில் படியுங்கள், உங்கள் மெஷின்கள் பெயரோடு இருக்க வேண்டும். வெளியே இத்தனை டிகிரி இருக்கும்போது உள்ளே இத்தனை என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். அதை மதிய வெயிலில், எல்லா மெஷினும் ஓடும்போது காட்டும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பச்சை டிக்கை நம்பாதீர்கள்.