வீட்டுக்கே வந்த நேர்காணல்: 70 ரூபாய் சேவை பற்றி

அப்பாவுக்கு 83 வயது. நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டுநராக இருந்து 2000 ஆகஸ்டில் ஓய்வு பெற்றவர். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதை வருஷா வருஷம் உறுதி செய்யும் நேர்காணல் முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கும். இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில். அதனால் ஆகஸ்ட் நெருங்கினாலே எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். அதற்குப் போக வேண்டிய சார்நிலைக் கருவூலம் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவரால் அவ்வளவு நேரம் ஆட்டோவில் உட்கார முடிவதில்லை.

இந்த முறை நேரில் போவதற்குப் பதில் அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி மூலம் வீட்டிலேயே உயிர்வாழ் சான்றிதழ் எடுத்தோம். கட்டணம் 70 ரூபாய். வழக்கமாகத் தபால் கொண்டுவரும் அம்மாவிடம் திங்கட்கிழமை சொன்னேன். புதன் மதியம் கைரேகைக் கருவியோடு வந்துவிட்டார். ஆதார், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், பாஸ்புக், கைபேசி, இவ்வளவுதான் கேட்டார்.

கைரேகைதான் சிரமம். வலது கட்டைவிரல் மூன்று தடவை வைத்தும் பதியவில்லை. வருஷக்கணக்கில் ஸ்டியரிங் பிடித்தும் டீசலில் ஊறியும் தேய்ந்த விரல்கள், தொட்டால் வழவழவென்று இருக்கும். அந்த அம்மா பதறவில்லை. "ஐயா, கையைக் கொஞ்சம் குடுங்க" என்று ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். இடது மோதிர விரலில் பதிந்தது. மறுபணியில் இருக்கிறாரா என்ற கேள்வியையும் என்னிடம் கேட்காமல் அப்பாவிடமே கேட்டார். "இல்லம்மா" என்று அவரே பதில் சொன்னார். இந்த மரியாதைக்காகவே இந்தச் சேவையை எல்லோருக்கும் சொல்வேன்.

போன வருஷம் ஒரு பிரவுசிங் சென்டரில் 150 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம் என்ற இடத்தில் வேறு எதையோ தேர்வு செய்துவிட்டார்கள். சான்றிதழ் கையில் இருந்தது, கருவூலத்தில் பதிவு இல்லை. ஓய்வூதியம் நின்றுபோய், மீண்டும் சேர்த்து வருவதற்குள் அப்பா கூனிக்குறுகிப் போனார். எண்பது முடிந்ததால் கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் தொகைதான் அவருடைய மருந்துச் செலவு, அதுவும் சேர்ந்தே நின்றது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் பணம் அல்ல, உழைத்தவரின் உரிமை என்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. ஒரு தவறான தேர்வால் அது நிற்கக் கூடாது.

அதனால் கைரேகை வைக்கும் முன் திரையில் இரண்டை மட்டும் கட்டாயம் படித்துப் பாருங்கள்: பி.பி.ஓ. எண், வழங்கும் அலுவலகம். எங்களுக்கு அந்த அம்மாவே போனைத் திருப்பிக் காட்டினார். ரேகை விழவே விழாது என்றால் ஜீவன் பிரமாண் என்ற மத்திய அரசின் மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் சேவையில் முகத்தைக் காட்டியும் பதியலாம். அப்புறம், கைபேசிக்கு வரும் பிரமாண் எண்ணை (அந்தச் சான்றிதழின் எண்) அழித்துவிடாதீர்கள். நான் அதை அப்பாவின் பாஸ்புக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.