“ஊசி போட்டார்களா?” – வடமராட்சியில் ஒரு காலை

ஆவணி மாத விடுமுறையில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். வங்கி, அடையாள அட்டை, காணிப் பத்திரம் என்று அலைந்த கதைகள் பல உண்டு. அவை இருக்கட்டும். எழுதியே ஆக வேண்டியது ஒரு வெள்ளிக்கிழமைக் காலையைப் பற்றி.

கோயிலுக்குப் போய்வந்து விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த மாமா அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். வயது 62. கூப்பிட்டோம், உலுக்கினோம், பதில் இல்லை. இடைக்கிடை குறட்டைபோல ஓர் இழுவை மட்டும் வந்தது. “மூச்சு இருக்கிறது, ஓட்டோவைப் பிடியுங்கள்” என்றார் அயல்வீட்டு அண்ணர். அவர் மீது குறையில்லை, எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அது மூச்சு அல்ல. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் அப்படி இழுக்கும். லண்டனில் வேலைத்தலத்தில் கட்டாயப் பயிற்சியில் இதை இரண்டு முறை சொல்லித் தந்திருந்தார்கள். மாமாவைத் தரையில் கிடத்தி நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம். மூன்றாவது நிமிடத்திலேயே கை சோர்ந்துவிட்டது. மச்சான் மாறினான். பிறகு மறுபடி நான்.

அதற்கு முன்பே அவன் 1990-ஐ அழைத்திருந்தான். மறுமுனையில் தமிழில் பேசினார்கள், பதற்றமில்லாமல் கேட்டார்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016-இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. ஒரே சிக்கல் எங்கள் ஒழுங்கைதான்: பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் சந்திக்குப் போய் நின்று வண்டியைக் கூட்டிவந்தான். பதினொரு நிமிடம்.

இறங்கியவர்கள் இருவர், ஓட்டுநரும் ஓர் இளம் பெண்ணும். மாமி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை, முதலில் ஒரு ஊசி போடுங்கள்” என்று அழுதார். “அம்மா, இதை நிறுத்தக் கூடாது, அதுதான் முதல்” என்று சொல்லிவிட்டு அவர் அழுத்தத் தொடங்கினார். ஓட்டுநர் மாமாவின் நெஞ்சில் மின்னதிர்ச்சிக் கருவியின் ஒட்டுகளை வைத்தார். முதல் அதிர்ச்சியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதற்குப் பிறகு கழுத்தில் நாடி திரும்பியது. ஊசி போடவே இல்லை.

அன்று மாலை மந்திகை ஆதார வைத்தியசாலைக்கு வந்த ஒவ்வொரு உறவினரும் கேட்ட முதல் கேள்வி, “ஊசி போட்டார்களா?” என்பதுதான்.

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. இரண்டு வருடங்களுக்கு முன் ஹரோவில் என் நண்பனின் தந்தை சமையலறையில் விழுந்தார். வீட்டில் எவருக்கும் நெஞ்சை அழுத்தத் தெரியாது. வந்த அம்புலன்ஸ் குழுவினர் அட்ரினலின் என்ற, நின்ற இதயத்தை எழுப்பக் கொடுக்கும் ஊசியைப் போட்டார்கள், இதயம் மீண்டும் துடித்தது. நாங்கள் எல்லோரும் பிழைத்துவிட்டார் என்றே நினைத்தோம். அவர் கண் திறக்கவில்லை. பதினோராம் நாள் கருவிகளை நிறுத்தினார்கள். யாரும் தவறு செய்யவில்லை. இருந்தும் மனம் ஆறாமல் அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐந்து அம்புலன்ஸ் சேவைகள் சேர்ந்து நடத்திய பாராமெடிக் 2 என்ற ஆய்வு, 1990 அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்த அதே 2018 ஜூலையில்தான் வெளியானது. இதயம் நின்ற 8,014 பேரில் ஒரு பாதிக்கு அட்ரினலின், மறுபாதிக்கு உப்பு நீர். எந்த ஊசியில் எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது. விழுந்து கிடப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது என்பதால், வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே கையில் ஒரு வளையம் அணிந்துகொள்ள ஏற்பாடு இருந்தது. அட்ரினலின் பெற்றவர்களில் 36 சதவீதத்தினருக்கு இதயம் திரும்பத் துடித்தது, மற்றவர்களில் 12 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆனால் முப்பது நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3.2 சதவீதமும் 2.4 சதவீதமும்தான். தப்பியவர்களிலும் கடுமையான மூளைப் பாதிப்போடு இருந்தோர் அட்ரினலின் பக்கம் 31 சதவீதம், மறுபக்கம் 17.8. நண்பனின் தந்தையை அந்த எண்களுக்குள் கண்டேன்.

அட்ரினலின் கை, கால், வயிற்றின் குழாய்களை இறுக்கி இதயத்தின் சொந்த நாளங்களுக்கு இரத்தத்தைத் தள்ளுகிறது, அதனால் இதயம் எழும்புகிறது. மூளையின் நுண்ணிய குழாய்களில் அதே மருந்து ஓட்டத்தைக் குறைக்கக்கூடும். போதாததற்கு, அந்த ஆய்வில் அழைப்பு வந்ததிலிருந்து ஊசி ஏறுவதற்கு நடுத்தரமாக 21 நிமிடங்கள் ஆகியிருந்தன. அவ்வளவு நேரம் மூளை யாருடைய கைகளை நம்பி இருந்தது?

அதே கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் உயிரைக் கூடுதலாகக் காக்க 112 பேருக்கு அட்ரினலின் கொடுக்க வேண்டும். அருகில் நிற்பவர் நெஞ்சை அழுத்தினால் 15 பேருக்கு ஒருவர் தப்புகிறார். மின்னதிர்ச்சி சீக்கிரம் கிடைத்தால் 5 பேருக்கு ஒருவர்.

ஊசி வீண் என்று சொல்லவில்லை. மின்னதிர்ச்சி பயன்படாத வகையில் இதயம் நின்றிருந்தால் அட்ரினலினை எவ்வளவு சீக்கிரம் கொடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்கள், மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு மில்லிகிராம். மாமாவுடையது மின்னதிர்ச்சிக்குப் பணியும் வகை. அதில் பிரித்தானிய வழிகாட்டலின்படி மூன்றாவது அதிர்ச்சிக்குப் பிறகே மருந்து. எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். இரண்டு விலா எலும்புகள் உடைந்திருந்தன, அவை என் கைகளின் வேலை. அந்த வெள்ளிக்கிழமை மாமாவுக்கு நினைவில் இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது, என் கடன் உட்பட.

லண்டன் திரும்புவதற்கு முதல் ஞாயிறு, சனசமூக நிலையத்தில் பயிற்சி தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு பொம்மையில் பழக்கினோம். இருபதுக்கு மேற்பட்டோர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். முழங்கால் வலியோடு மாமி பாயில் மண்டியிட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே முப்பது தடவை அழுத்தினார். எழும்பியதும் அயல்வீட்டு அண்ணரைக் கூப்பிட்டு, “இனி உங்கள் முறை” என்றார்.