நாசாவின் ‘ஐஸ் ஆன் த சோலார் சிஸ்டம்’: நடுநிலை வகுப்புகளுக்கு எவ்வளவு பயன்?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்புப் புவியியல், பேரண்டத்தையும் சூரியக் குடும்பத்தையும் பற்றிய பாடத்தோடு தொடங்குகிறது. எட்டாம் வகுப்பு அறிவியலில் சந்திரயான், மங்கள்யான் போன்ற விண்வெளிப் பயணங்கள் வருகின்றன. இரண்டு பாடங்களையும் நடத்துகிற ஆசிரியருக்கு ஏற்படும் முதல் சிக்கல் படம்தான். சூரியனும் எட்டுக் கோள்களும் ஒரே வரிசையில், ஏறத்தாழச் சம இடைவெளியில் நிற்கும் அந்தப் படத்தை எந்தப் பதிப்பாளராலும் சரியாக அச்சிட முடியாது. பூமியை ஒரு மில்லிமீட்டர் புள்ளியாகக் குறித்தால், சூரியனைப் பதினொரு சென்டிமீட்டர் விட்டத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி வரைய வேண்டும். நெப்டியூனோ 350 மீட்டருக்கு அப்பால், பெரும்பாலும் பள்ளி வளாகத்துக்கு வெளியே போய்விடும். தாளில் இயலாத இதைத் திரையில் ஓரளவு செய்துகாட்டுவதற்காக, நாசாவின் ‘ஐஸ் ஆன் த சோலார் சிஸ்டம்’ (Eyes on the Solar System) என்னும் இணையச் செயலியை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பயன்படுத்தி வருகிறேன். அதன் நிறைகுறைகளை ஓர் ஆசிரியரின் நோக்கில் இங்கே எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் இதை உருவாக்கிப் பராமரிக்கிறது. கட்டணமோ கணக்குத் தொடங்கும் தொல்லையோ இல்லை. முன்பு கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டியிருந்த இது இப்போது உலாவியிலேயே இயங்குவதால், மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாத பள்ளிக் கணினியிலும் திறந்துவிடலாம். திறந்தவுடன் சூரியக் குடும்பத்தின் முப்பரிமாணத் தோற்றம் வருகிறது. கோள்கள், துணைக்கோள்கள், குறுங்கோள்கள், வால்விண்மீன்கள், விண்கலங்கள் ஆகிய ஒவ்வொன்றும் இந்த நொடியில் எங்கே இருக்கிறதோ அங்கே காட்டப்படுகிறது. ஓவியர் கற்பனையாக அடுக்கிவைத்த இடங்கள் அல்ல இவை. விண்கலங்களை இயக்குவோர் பயன்படுத்தும் கணிப்புத் தரவுகளிலிருந்தே இந்த நிலைகள் எடுக்கப்படுகின்றன. கீழே உள்ள காலப்பட்டையை நகர்த்தினால், கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை முன்னும் பின்னும் சென்று வரலாம்.

இந்தக் காலப்பட்டைதான் செயலியின் உயிர்நாடி என்பது என் கருத்து. பெரும்பாலான வகுப்பறைகளில் சனியின் வளையங்களைப் பெரிதாக்கிக் காட்டுவதோடும், செவ்வாயைச் சுழற்றிக் காட்டுவதோடும் பயன்பாடு முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான் வேண்டும் என்றால் நல்ல நிழற்படங்களே போதும். சொல்லப்போனால் கசினி விண்கலம் எடுத்த உண்மையான படங்கள் இந்தச் செயலியின் சனியை விட அழகானவை. படத்தால் தர முடியாதது காலம். புதன் 88 நாளில் சூரியனை ஒருமுறை சுற்றி முடிக்கிறது, நெப்டியூனுக்கோ ஏறத்தாழ 165 ஆண்டுகள் ஆகின்றன என்று அட்டவணையில் படித்து மனப்பாடம் செய்த மாணவர், ஆண்டுகள் நொடிகளாக ஓடும்போது புதன் வெறிபிடித்ததுபோல் சுழல்வதையும் நெப்டியூன் அசைகிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடப்பதையும் பார்த்தால், அந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள உறவை முதல்முறையாக உணர்கிறார். நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது 1846-இல். அதன் பிறகு அது தன் முதல் சுற்றை நிறைவு செய்தது 2011-இல்தான் என்பதை அந்த இடத்தில் சொன்னால் வகுப்பு நம்ப மறுக்கிறது. பிறகு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து ஒப்புக்கொள்கிறது.

விண்வெளிப் பயணத்தைக் கற்பிப்பதற்கும் இதே காலப்பட்டைதான் கைகொடுக்கிறது. 2020 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ‘ஹோப்’, சீனாவின் ‘தியான்வென்-1’, அமெரிக்காவின் ‘பெர்செவரன்ஸ்’ ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் செவ்வாயை நோக்கிப் புறப்பட்டு, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அங்கே சென்றடைந்தன. மூன்று நாடுகளும் பேசிவைத்துக்கொண்டா கிளம்பின என்ற கேள்வியை முன்வைத்துவிட்டு, அந்த மாதத்துக்குக் காலத்தை நகர்த்தி, பூமியும் செவ்வாயும் எங்கே இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லலாம். பிறகு காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, இதே அமைப்பு முன்பு எப்போது வந்தது என்று தேடச் சொன்னால், ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை அது திரும்புவதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். 2013 நவம்பருக்குப் போனால் அங்கேயும் அந்த அமைப்பு இருக்கிறது; அந்த மாதம் 5-ஆம் நாள்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. அமெரிக்காவின் ‘மேவன்’ கலமும் அதே மாதத்தில் கிளம்பியது. இரண்டும் 2014 செப்டம்பரில் ஓரிரு நாள் இடைவெளியில் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தன. செவ்வாய் இப்போது இருக்கும் இடத்தை நோக்கிக் கலத்தை ஏவினால், அது போய்ச் சேரும்போது செவ்வாய் அங்கே இருக்காது என்ற எளிய உண்மையைக் கரும்பலகையில் விளக்க எனக்கு ஒரு பாடவேளை முழுதும் தேவைப்பட்டது. திரையில் அது சில நிமிடங்களில் முடிகிறது.

வாயேஜர் கலங்களின் பயணமும் நன்றாகவே அமைந்திருக்கிறது. 1970-களின் இறுதியில் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய நான்கும் ஒரே கலம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்லத் தோதாக அமைந்தன. இத்தகைய வாய்ப்பு ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வாய்க்கும். 1977 ஆகஸ்ட் 20-இல் ஏவப்பட்ட வாயேஜர்-2, 1979-இல் வியாழனையும் 1981-இல் சனியையும் 1986-இல் யுரேனசையும் 1989-இல் நெப்டியூனையும் கடந்தது. அதன் பாதையைத் தொடர்ந்து பார்க்கும்போது, ஒவ்வொரு கோளின் அருகிலும் கோடு வளைந்து திசை மாறுவது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஏன் வளைகிறது என்பதற்கு இங்கே போதிய விளக்கம் கிடைப்பதில்லை. வியாழனின் ஈர்ப்பு அதன் வேகத்தைக் கூட்டியிராவிட்டால் அந்தக் கலம் சனியைக்கூட எட்டியிருக்காது என்பதையும், அந்தக் கூடுதல் வேகத்துக்கு ஈடாக வியாழன் அளவிட முடியாத அளவு சிறு வேகத்தை இழந்தது என்பதையும் ஆசிரியர்தான் சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட சில பயணங்களுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்லும் வழிகாட்டித் தொடர்களும் உள்ளே இருக்கின்றன. அவை பார்வையாளருக்காக எழுதப்பட்டவை. வகுப்பில் ஓடவிட்டால் மாணவர்கள் வாய்பிளந்து பார்ப்பார்களே தவிர எதையும் கேட்க மாட்டார்கள்.

அளவு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கோள்களின் பருமனையும் தொலைவையும் செயலி மாற்றிக் காட்டுவதில்லை என்றாலும், தொலைவிலிருந்து பார்க்கும்போது கோள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதன் இடத்தில் ஒரு குறியும் பெயரும் சுற்றுப்பாதைக் கோடும் போடப்படுகின்றன. மாணவர் அந்தக் குறியையே கோள் என்று எடுத்துக்கொண்டால், பாடநூல் படத்தின் பிழை புதிய வடிவில் திரும்பிவிடும். சிறுகோள் பட்டையில் இது இன்னும் மோசம்: குறிகள் நெருங்கி நிற்பதால் கற்களுக்கிடையே புகுந்து செல்லவே வழியில்லாததுபோல் தோன்றுகிறது. உண்மையில் அங்கே குறிப்பிடத்தக்க பாறைகளுக்கிடையே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெளி இருக்கிறது. 1972-இல் ஏவப்பட்ட பயனீர்-10 தொடங்கி அதைக் கடந்த கலங்கள் எதுவும் மோதி அழியவில்லை. இதற்கு மருந்தும் செயலிக்குள்ளேயே இருக்கிறது. அடுக்குகளுக்கான பட்டியலைத் திறந்து பெயர்களையும் பாதைக் கோடுகளையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டால், எஞ்சுவது கறுப்புத் திரையும் விண்மீன்களும் நடுவே ஓர் ஒளிப்புள்ளியும்தான். இதைச் செய்துவிட்டு, பூமி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை, செயலி முழுவதிலும் மிகச் சிறந்த பாடம் இதுவே.

குறைகளில் முதலாவது மொழி. தமிழ் இல்லை, விளக்கக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் சற்றுக் கடினமான ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ் வழி மாணவரைத் தனியாக அமர்த்தி, தானே கற்றுக்கொள் என்று விடுவதற்கு ஏற்ற கருவி இது அன்று. ஆசிரியர் முன்னின்று நடத்தினால் மட்டுமே பயன் உண்டு. இரண்டாவது, இது நாசாவின் செயலி, எனவே நாசாவின் பயணங்களுக்கே முதலிடம். இஸ்ரோவின் பயணங்களை இதே நுணுக்கத்தில் காட்டலாம் என்று எதிர்பார்த்து வருபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். நம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது: 1969-இல் அப்போலோ-11 நான்கு நாளில் நிலவில் இறங்கியபோது, 2023-இல் சந்திரயான்-3 ஜூலை 14-இல் கிளம்பி ஆகஸ்ட் 23-இல் இறங்க நாற்பது நாள் எடுத்துக்கொண்டது ஏன்? விடை ராக்கெட்டின் ஆற்றலில் இருக்கிறது. அப்போலோவைச் சுமந்து சென்ற சாட்டர்ன்-5 போன்ற பெரும் ராக்கெட் இல்லாத நிலையில், பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையைப் படிப்படியாக நீட்டிக்கொண்டே போய், ஆகஸ்ட் 1-இல் நிலவை நோக்கித் திருப்பினார்கள். சிக்கனமான வழி அது. இதற்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும்தான் இன்றும் துணை.

கருவி வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பரிமாண வரைகலை என்பதால் பழைய கணினிகள் திணறுகின்றன. நினைவகம் குறைந்த கணினியில் வேறு சாளரங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறப்பது நல்லது. இணைய இணைப்பு இன்றி இது இயங்காது, வேகம் குறைவாக இருந்தால் கோளின் மேற்பரப்பு மங்கலாக வந்து மெல்லத் தெளிகிறது. தொடுதிரைப் பலகையில் இரு விரலால் பெரிதாக்கும்போது கை சற்றுத் தவறினாலும் காட்சி எங்கோ பறந்துவிடுகிறது. எனவே மவுஸே மேல். ஒவ்வொரு காட்சிக்கும் அதன் பொருளையும் தேதியையும் உள்ளடக்கிய தனி முகவரி உருவாகிறது என்பது பலருக்குத் தெரியாத வசதி. பாடத்துக்கு வேண்டிய காட்சிகளின் முகவரிகளை முந்தின நாளே சேமித்து வைத்துக்கொண்டால், வகுப்பில் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு குறை சற்று ஆழமானது. இங்கே நாம் எப்போதும் வெளியில் நின்று சூரியக் குடும்பத்தைப் பார்க்கிறோம். ஆனால் மாணவர் பார்க்கும் வானம் தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் வானம். அந்தப் பார்வையை இந்தச் செயலி தருவதில்லை. இதற்கு ‘ஸ்டெல்லாரியம்’ என்னும் இலவச மென்பொருள் தகுந்த இணை. கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இன்றியே இயங்கும். தமிழ் இடைமுகமும் உண்டு, சில இடங்களில் மட்டும் ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். இடத்தைக் கோயம்புத்தூர் என்றும் தேதியை 2019 டிசம்பர் 26 என்றும் கொடுத்தால், அன்று காலை அங்கே தெரிந்த வளையச் சூரிய கிரகணத்தை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். இப்போது ஆறாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அது நினைவில் இருக்க வாய்ப்பில்லை. முதலில் ஸ்டெல்லாரியத்தில் இன்று மாலை எந்தக் கோள் எந்தத் திசையில் தெரியும் என்று பார்த்துவிட்டு, அதே நேரத்துக்கு நாசாவின் செயலியில் மேலிருந்து பார்த்தால், ஒரே நிகழ்வின் இரு தோற்றங்களை இணைக்க மாணவர் பழகுவார். இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருந்தால், ஆறாம் வகுப்புக்கு ஸ்டெல்லாரியத்தையும் எட்டாம் வகுப்புக்கு நாசா செயலியையும் தேர்ந்தெடுப்பேன்.

இணைய வேகம் மிகக் குறைவாக உள்ள பள்ளிகளுக்கு, நாசாவின் இதே தொகுப்பில் உள்ள ‘டிஎஸ்என் நவ்’ என்ற எளிய பக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். டிஎஸ்என் என்பது தொலைதூர விண்கலங்களோடு தொடர்புகொள்ளும் நாசாவின் வலையமைப்பு. முப்பரிமாணம் எதுவும் அதில் இல்லை. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் உள்ள பெரிய ஆன்டெனாக்களில் எது இந்த நிமிடத்தில் எந்தக் கலத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அது காட்டுகிறது. மூன்று இடங்களும் புவிக்கோளத்தில் ஏறத்தாழ 120 பாகை இடைவெளியில் ஏன் இருக்கின்றன என்று கேட்டால், ஆறாம் வகுப்பில் படித்த புவியின் தற்சுழற்சி தானாக வந்து இணைந்துகொள்கிறது. இந்த வலையமைப்பு சந்திரயான்-3 பயணத்துக்கும் துணைநின்றது. கலத்தின் பெயரை அழுத்தினால், சமிக்ஞை போய்த் திரும்ப ஆகும் நேரமும் வருகிறது. வாயேஜர்-1 பட்டியலில் இருக்கும் நாளாகப் பார்த்துத் திறந்தால் மிக நன்று. ஒளியின் வேகத்தில் செல்லும் கட்டளை அதைச் சேர 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; விடை வர மறுபடியும் அவ்வளவு நேரம். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அனுப்பிய கேள்விக்குப் பதில் எப்போது வரும் என்று கணக்கிடச் சொல்லிவிட்டு, அதை வீட்டுப்பாடமாகவே கொடுக்கலாம்.