நீலக் கோளும் பச்சைக் கைவிலங்கும்: வாட்ஸ்லாவ் கிளவுஸின் நூல்

செக் குடியரசின் அதிபராக 2003 முதல் 2013 வரை இருந்த பொருளாதார அறிஞர் வாட்ஸ்லாவ் கிளவுஸ் 2007-இல் வெளியிட்ட இச்சிறு நூல், ஆபத்தில் இருப்பது பருவநிலையா, சுதந்திரமா என்று அட்டையிலேயே கேட்டுவிடுகிறது. கம்யூனிச ஆட்சியின்கீழ் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், எதிர்காலத்தின் பெயரால் இன்றைய மனிதரின் உரிமையைச் சுருக்கும் எந்தத் திட்டத்தையும் ஐயத்தோடு பார்ப்பது இயல்பே. அந்த ஐயத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

வருங்கால இழப்பை இன்றைய மதிப்புக்கு மாற்றும் கணக்கைப் பற்றிய அத்தியாயமே நூலின் உயிர். நூறு ஆண்டு கழித்து ஏற்படும் 100 ரூபாய் இழப்பு, ஆண்டுக்கு 1 சதவீதக் கழிவில் இன்று ஏறத்தாழ 37 ரூபாய்; 5 சதவீதத்திலோ ஒரு ரூபாய்கூட இல்லை. பருவநிலை மாற்றத்தின் பொருளாதார விளைவுகளைப் பற்றி பிரிட்டன் அரசுக்காக எழுதப்பட்ட 2006-ஆம் ஆண்டின் ஸ்டெர்ன் அறிக்கை மிகக் குறைந்த கழிவு விகிதத்தைக் கொண்டது என்ற அவரது கண்டனத்தைப் பொருளியலாளர் நோர்ட்ஹவுஸும் எழுப்பியிருக்கிறார்.

அறிவியல் பகுதி பலவீனமானது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. வெப்பமேற்றத்துக்கு மனிதரே முதன்மைக் காரணம் என்பதற்கான சான்றுகளை அவர் நேர்மையாக எதிர்கொள்ளவில்லை. கரியமில வாயு வெளியேற்றத்துக்கு விலை வைத்து, தேர்வை மக்களிடமே விட்டுவைக்கும் கார்பன் வரியைச் சந்தையின் ஆதரவாளரான அவரே போதிய அளவு எடைபோடாதது எனக்குப் பெரும் ஏமாற்றம்.