மீட்டரில் 54,310, சர்வீஸ் சென்டர் கணக்கில் 1,27,845

போன ஞாயிற்றுக்கிழமை என் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் காரைப் பார்க்க ஒருவர் வந்தார். விற்கலாம் என்று இருக்கிறேன், தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். வண்டியை ஒரு சுற்று வந்தார், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தார், உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஸ்பீடோமீட்டருக்குக் கீழே நான் ஒட்டி வைத்திருக்கும் துண்டுக் காகிதத்தைப் பார்த்து, "என்ன சார் இது?" என்றார். அதில் ‘+90,310’ என்று எழுதியிருக்கும்.

"மீட்டர் காட்டுறதோட அதைக் கூட்டிக்கணும். அதுதான் நிஜமா ஓடினது" என்றேன்.

சிரித்தார். அப்புறம் முகம் மாறிவிட்டது. "இதே மாடல், இதே வருஷம், 48,000தான் ஓடியிருக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு கன்சல்டிங்ல பார்த்தேன் சார். உங்க ரேட்டை விட அம்பதாயிரம்தான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கன்சல்டிங் என்றால் பழைய வண்டி வாங்கி விற்கிற கடை. எந்தக் கன்சல்டிங் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலை எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஷிஃப்ட் பஸ்கள் போவதைப் பார்த்துத்தான் பலர் வீட்டில் நேரம் தெரிந்துகொள்வார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கிருந்து ஐகான் வந்தது, அப்புறம் 2010-ல் ஃபிகோ, 2013-ல் ஈக்கோஸ்போர்ட். இங்கே செய்த ஈக்கோஸ்போர்ட் கப்பலேறி அமெரிக்காவுக்கே விற்பனைக்குப் போனது. ஹென்றி ஃபோர்டு ஊருக்கே நம் ஊரிலிருந்து வண்டி போகிறது என்று அந்த நாளில் டீக்கடையில் பேசாத ஆள் இல்லை. எப்படியும் ஒரு நாள் இந்த வண்டி வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. ஏமாற்றுபவனுக்கு இந்த மாதிரி ஆசை உள்ளவன் கிடைத்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். குஜராத்தில் சாணந்த் தொழிற்சாலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. மறைமலை நகரில் 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேருக்கு வேலை போனது. அதில் எதிர்வீட்டு அண்ணனும் ஒருவர், பாடி ஷாப்பில் 14 வருடம் இருந்தவர். இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

சர்வீஸ் தொடரும், உதிரிப் பாகம் கிடைக்கும், வாரண்டியை மதிப்போம் என்றும் கம்பெனி அன்றைக்கே சொன்னது. அது யார் காதிலும் விழவில்லை. "கம்பெனி போயிடுச்சு" என்பது மட்டும் ஊர் முழுக்கப் பரவியது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை விதமாகச் சம்பாதித்தார்கள் என்பதுதான் என் கதையே.

2023 ஆகஸ்டில் ஒரு கன்சல்டிங்கில் இந்த வண்டியைப் பார்த்தேன். 2016 மாடல், டீசல், டைட்டானியம், சிங்கிள் ஓனர். மீட்டரில் 54,310. "டாக்டரம்மா வண்டி சார், கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான் ஓடினது. கம்பெனி போயிடுச்சு, அதான் இந்த ரேட்டு. இல்லன்னா ஏழுக்குக் கீழ தொட முடியாது." 5,35,000-க்கு முடித்தேன். பெயர் எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. தவிர, ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று ஆகிவிடும்.

அன்றைக்கே என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். ஸ்டீயரிங்குக்குப் புது உறை. சீட்டுக்குப் புது கவர். கிளட்ச், பிரேக் பெடல்களில் ரப்பர் புத்தம் புதுசு. "எல்லாம் நாங்களே மாத்திக் கொடுத்திருக்கோம் சார்" என்றார்கள், நானும் நன்றி சொன்னேன்! 54,000 ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் எதற்குத் தேயும், எதற்கு மாற்ற வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை. கை படுகிற இடம், கால் படுகிற இடம், உட்காருகிற இடம், இந்த மூன்றும்தான் ஒரு வண்டியின் வயசைச் சொல்லும். மூன்றையும் மூடி வைத்திருந்தார்கள்.

சர்வீஸ் புக் கேட்டேன். "கம்பெனியே போயிடுச்சு சார், ரெக்கார்டெல்லாம் எங்க இருக்கும்?" என்றார்கள். நம்பினேன்.

நவம்பரில் திருவண்ணாமலை தீபத்துக்குப் போகும்போது செஞ்சி தாண்டி ஒரு மேட்டில் வண்டி இரைகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது. கன்சல்டிங்காரரே ஒரு ஒர்க்‌ஷாப்பைக் கை காட்டினார். அங்கேயும் அதே பாட்டு: "ஒரிஜினல் வராது சார், கம்பெனி போயிடுச்சு. வெளிநாட்டு செட் ஒண்ணு இருக்கு, 31,000 ஆகும்." போட்டார்கள். பழைய பிளேட்டைக் காட்டச் சொன்னேன், குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். ஆறே வாரத்தில் மறுபடி தீய்ந்த வாடை.

அப்போதுதான் எதிர்வீட்டு அண்ணன் காதுக்கு விஷயம் போனது. வாங்கும்போது அவரைக் கூட்டிப் போகாததற்குக் காரணம், அவருக்கு வேலை போன வருத்தம், அந்த வண்டியைக் காட்டி அதைக் கிளற வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையில், வாங்கி வந்து நிறுத்தி அவரை அசத்த வேண்டும் என்றும் இருந்தது. அவர் கடையைப் பூட்டிவிட்டு லுங்கியோடு வந்தார். இடது பின்கதவை விரல் முட்டியால் தட்டினார். முன்கதவைத் தட்டினார். மறுபடி பின்கதவு. டொக், டங், டொக்.

"பட்டி பார்த்து அடிச்சிருக்கான். இது நாங்க அடிச்ச பெயின்ட் இல்லப்பா" என்றார். அந்தக் கதவின் கண்ணாடி மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைக் காட்டினார். மற்ற கண்ணாடிகளோடு அந்த ஒன்று மட்டும் ஒத்துப் போகவில்லை. முன் ஃபெண்டரின் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசியில் அவர் கேட்டதுதான் என்னைச் சுட்டது: "சர்வீஸ் சென்டர்ல நம்பர் போட்டுப் பார்த்தியா? கம்பெனிதானே போச்சு, கம்ப்யூட்டருமா போச்சு?"

மறுநாள் ஆர்.சி.யோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் பெண் சேசிஸ் நம்பரைத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மானிட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். வரிசையாக ஒவ்வொரு சர்வீஸும் தேதியோடு இருந்தது. கடைசி வரி 2022 பிப்ரவரி. 1,27,845 கிலோமீட்டர். நான் 54,310 பார்த்து வாங்கியது அதற்கும் ஒன்றரை வருடம் கழித்து.

"கிளட்ச் செட் கிடைக்குமா மேடம்?" என்று கேட்டேன். நாலு நாளில் வந்துவிட்டது, ஒரிஜினல். டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள் என்று அவரே சொன்னார். இது முக்கியம். மீட்டர் திருத்துவதில் போகிறது வெறும் காசு மட்டும் என்று நினைக்கிறார்கள். பெல்ட் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று நாம் மீட்டரைப் பார்த்துத்தானே கணக்கு வைக்கிறோம். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும், எஞ்சின் காலி. நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் அறுந்தால் எஞ்சின் மட்டும் காலியாகாது.

ஆர்.சி.யில் இருந்த முதல் ஓனர் முகவரியை வைத்து ஆளைத் தேடிப் பிடித்தேன். டாக்டரம்மா இல்லை, டாக்டர்களைப் பார்க்கப் போகிறவர், மெடிக்கல் ரெப். விழுப்புரம், திருச்சி என்று அலைந்தவர். விற்ற அன்று எடுத்த மீட்டர் போட்டோ அவர் போனில் இருந்தது: 1,44,620. எவ்வளவுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். 3,10,000. "கம்பெனி போயிடுச்சு, இனி இந்த வண்டிக்கு விலையே இல்ல, பார்ட்ஸ் வராதுன்னு சொன்னாங்க சார். சரி, வந்த வரைக்கும் லாபம்னு கொடுத்துட்டேன்" என்றார். கொடுத்தவரிடம் ஒரு தரம், வாங்கியவனிடம் ஒரு தரம். ஒரே வாக்கியத்தை வைத்து இரண்டு பக்கமும் அறுத்திருக்கிறார்கள்.

ஃபோர்டு மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்காக அது உத்தமமான கம்பெனி என்றும் சொல்ல மாட்டேன். 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் போட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேசிஸ் வேலையை 93 நிமிடமாகக் குறைத்த கம்பெனிதான், பின்னால் பின்டோ என்ற காரில் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கும் பிரச்சினையால் 1978-ல் 15 லட்சம் வண்டியைத் திரும்ப அழைத்தது. ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் கோளாறுக்காக அமெரிக்காவில் ஓனர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். இங்கேயும் 2013-ல் ஃபிகோவையும் கிளாசிக்கையும் சேர்த்து 1.66 லட்சம் வண்டிகளை அழைத்துச் சரிபார்த்தார்கள். போவதும் அதற்குப் புதிதில்லை. 1926-லேயே இந்தியாவில் கிளை திறந்து, ஐம்பதுகளில் மூடிவிட்டுப் போய், 1995-ல் மஹிந்திராவோடு கூட்டு சேர்ந்து திரும்பி வந்த கம்பெனி அது. ஆனால் என் மீட்டரைத் திருத்தியது டெட்ராய்ட்டில் இருப்பவன் இல்லை. அங்கே 1972-லேயே மீட்டரைத் திருத்துவதைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டார்கள்; வண்டி கை மாறும்போது ஓடிய மைலை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கன்சல்டிங்கில் போய் நின்றபோது அவர்கள் பதறவே இல்லை. "மீட்டர் நாங்க பார்க்கிறதில்ல சார், ஓனர் கொடுத்ததை வச்சிருக்கோம்" என்று டெலிவரி நோட்டை நீட்டினார்கள். ‘வண்டியை நேரில் பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், கிலோமீட்டருக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்று அடியில் எறும்பு அளவு எழுத்து. கீழே என் கையெழுத்து. அதை விட மோசம், ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்பவர் அந்த மெடிக்கல் ரெப், வாங்குபவர் நான். நடுவில் இரண்டேகால் லட்சம் அடித்தவர் பெயர் எந்த அரசாங்கக் காகிதத்திலும் இல்லை. பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி தன் கைக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. அங்கே அப்படி ஒரு சான்று மாட்டியிருக்கவில்லை, கேட்டதற்குக் காட்டவும் இல்லை. நான் அதை முன்பணம் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் 1915-க்கு போன் செய்தேன், அது நுகர்வோர் உதவி எண். புகார் பதிந்தார்கள், கன்சல்டிங் பதில் போடவில்லை. பிறகு செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. வாங்கிய விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, எனக்கு 200 ரூபாய் ஆனது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் வங்கி வழியாகக் கன்சல்டிங் கணக்குக்குப் போயிருந்ததால் தப்பித்தேன். "கேஷா கொடுத்தா இருபதாயிரம் குறைச்சுக்கலாம்" என்று அன்றைக்குச் சொன்னார்கள், கையில் அவ்வளவு கேஷ் இல்லாததால் கொடுக்கவில்லை. என் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை அதில். அந்த வங்கி வரவு, மெடிக்கல் ரெப் கொடுத்த போட்டோ, சர்வீஸ் சென்டர் பிரின்ட் அவுட், இந்த மூன்றும்தான் இப்போது என் கையில் இருக்கிற ஆயுதம். அடுத்த மாதம் விசாரணைத் தேதி.

வண்டி என்னமோ நல்லாத்தான் ஓடுகிறது. கதவைச் சாத்தினால் வருகிற அந்தக் கனமான சத்தம், நூறில் போகும்போது ஸ்டீயரிங் கையில் பிடித்து வைத்த மாதிரி நிற்கிற விதம், இதெல்லாம் ஒன்றரை லட்சம் தாண்டியும் போகவில்லை. அண்ணனும் இப்போதெல்லாம் மார்க்கெட்டுக்கு இதைத்தான் கேட்டு எடுத்துப் போகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் தயாரிக்கப் போவதாக 2025 அக்டோபரில் ஃபோர்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. எஞ்சின்தான், அதுவும் 2029-ல். இங்கே கார் விற்பது பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் கன்சல்டிங் வாசலில் பாட்டு மாறிவிட்டது: "கம்பெனி திரும்ப வருது சார், ரேட் ஏறப் போகுது, இப்பவே எடுத்துடுங்க."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர் போன் செய்தார். "சார், அன்னைக்கு அந்தக் காகிதம் ஒட்டியிருந்தீங்களே... அந்த 48,000 வண்டியை எங்க கொண்டுபோய்ப் பார்க்கணும்?"

ஆர்.சி. நகலைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். பழைய ஓனரிடம் ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். பெடல் ரப்பரைப் பார்க்கச் சொன்னேன்.

"ரப்பர் புதுசாத்தான் சார் இருக்கு" என்றார்.

"டோக்கன் கொடுத்துட்டீங்களா?"

"இருபதாயிரம்."